ராட்டினத்தடியில் வந்த கேள்விகள்

சென்ற மாத இதழில் ஆற்றுத் திருவிழாவைப் பற்றிய கட்டுரை வெளியானபோது, ராட்டினத் தொழிலைப் பற்றிக் கேட்க விரும்பும் வாசகர்கள் எழுதலாம் என்று ஆசிரியர் குழு ஒரு சிறு அறிவிப்பும் வெளியிட்டிருந்தது. அதற்கு வந்த கடிதங்களை ஒரு துணிப்பையில் போட்டு எனக்கு அனுப்பிவைத்தார்கள். நான் கடலூர் முதுநகரைச் சேர்ந்தவன். முப்பத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் பதினோரு ஆண்டுகள் கூலியாளாக இருந்தேன். பிறகு கடன் வாங்கி ஒரு ராட்சத ராட்டினமும், அதன்பின் ஊஞ்சலைப் போல ஆடும் ஒரு கொலம்பஸ் கப்பலும் சொந்தமாகச் சேர்த்தேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு ஸ்விட்சைத் தட்டினால் ராட்டினம் சுற்றுகிறது, மறுபடி தட்டினால் நிற்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி பணம் பார்க்கும் வேலை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் இதில் என்ன வேலை இருக்கிறது? (பண்ருட்டி வாசகர்)

பதில்: நீங்கள் பார்ப்பது மாலை ஆறு மணிக்கு மேல் நடப்பது. வேலை அதற்கு நான்கு நாள் முன்பே தொடங்கிவிடுகிறது.

லாரி மைதானத்துக்குள் நுழைவதற்கு முன் நான் தனியாக ஒருமுறை அந்த இடத்தை நடந்து பார்ப்பேன். மேலே மின்கம்பி போகிறதா, கீழே பழைய சாக்கடை ஓடுகிறதா, அண்மையில் பள்ளத்தை மூடி மண் கொட்டியிருக்கிறார்களா என்பவை முதலில் தெரிய வேண்டும். கொட்டிய மண் மேலே பார்க்கக் கெட்டியாக இருக்கும். எடை ஏறிய மூன்றாம் நாள் ஒரு பக்கம் அமுங்கும். தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு ராட்டினம் போடும்போது தரை முழுவதும் மணல்தான். காலுக்குக் கீழே ரயில் பாதையிலிருந்து கழித்த பழைய மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, எடையை அகலமாகப் பரப்பிய பிறகுதான் இரும்பை நிறுத்துவோம்.

அடுத்தது மட்டம் பார்த்தல். உள்ளே இருப்பது தெரியும் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இருவர் இரு முனைகளையும் இரண்டு கால்களின் அருகே பிடித்துக்கொள்ள வேண்டும்; இரு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் மட்டம் சரி. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் குழாயின் நடுவில் பட்டாணி அளவு காற்றுக் குமிழ் சிக்கிக்கொண்டால் தண்ணீர் பொய் சொல்லும். ஆகையால் குழாயை வெயிலுக்கு எதிரே பிடித்து, விரலால் தட்டித் தட்டிக் குமிழை வெளியேற்றிய பிறகே அளவெடுக்க விடுவேன்.

பிறகு இரண்டு பக்கக் கால்களை நிறுத்தி, அச்சைச் செயின் புல்லியால் ஏற்றி, ஆரக்கால்களை ஒவ்வொன்றாகக் கோத்து, வெளி வளையத்தைப் பூட்டி, கடைசியாகப் பெட்டிகளைத் தொங்கவிடுவோம். என் ராட்டினத்தில் 12 பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் இரண்டு பின்களில் தொங்குகிறது; ஒவ்வொரு பின்னும் கழன்று வராமல் ஒரு ஸ்பிளிட் பின் (துளையில் செருகி நுனியை வளைத்துவிடும் சிறு கம்பி) காக்கிறது. ஆக 24 ஸ்பிளிட் பின். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய ஸ்பிளிட் பின்னை மறுமுறை வளைத்தால் அந்த மடிப்பிலேயே விண்டுவிடும் என்பதால், ஒவ்வொரு ஊரிலும் புதிதாகத்தான் போட வேண்டும். நான் ஒரு பிஸ்கட் டின்னில் எண்ணி 30 போட்டு எடுத்துக்கொண்டு போவேன். வேலை முடிந்து கீழே இறங்கியதும் டின்னில் ஆறு மீதமிருக்க வேண்டும். ஏழு இருந்தால் ஏதோ ஒரு பெட்டி வெறும் பின்னில் தொங்குகிறது என்று பொருள். ஒருமுறை வடலூர் தைப்பூசத்துக்குப் போட்டபோது ஏழு இருந்தது. எங்கே விட்டோம் என்று கண்டுபிடிக்கும் வரை அன்று மாலை ராட்டினம் ஓடவில்லை. வாசலில் வரிசையில் நின்றவர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

இதற்கு மேல் கிரீஸ் வைப்பது, எர்த் குழி வெட்டி உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது, ஜெனரேட்டரைச் சோதிப்பது என்று வரிசை நீளும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றுக்கு இரும்பு சீக்கிரம் அரிக்கும். தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்துக்கு ஒரு வாரம் நின்றுவிட்டு வந்த போல்ட், கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் மூன்று மாதம் நின்ற போல்ட்டைவிட மோசமாகத் துருப்பிடித்திருக்கும். அச்சு பேரிங்கை நான் கண்ணால் பார்த்து நம்புவதில்லை. ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். நல்ல பேரிங் சீராக முனகும். கெடப்போகும் பேரிங் மணல் மெல்லுவதைப் போல நறநறக்கும்.

கேள்வி: என் ஒன்பது வயது மகள் திருவிழாவுக்குப் போனால் ராட்டினத்தைவிட்டு நகர மாட்டேன் என்கிறாள். செய்தித்தாளில் வரும் விபத்துகளைப் படித்துவிட்டு எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஏறுவதற்கு முன் எங்களைப் போன்றவர்கள் எதைப் பார்க்க வேண்டும்? (நெல்லிக்குப்பம் வாசகி)

பதில்: அம்மா, வெளியிலிருந்து பார்ப்பவரால் பேரிங்கையும் வெல்டிங்கையும் சோதிக்க முடியாது. ஆனால் ஓட்டுகிற ஆளைச் சோதிக்க முடியும். ஐந்து நிமிடம் ஓரமாக நின்று அவரைக் கவனியுங்கள்.

தடுப்புக் கம்பியை மூடிய பிறகு அவர் அதைக் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறாரா என்பது முதல் சோதனை. பூட்டு விழுந்ததுபோலத் தோன்றும் கம்பி முழுவதும் விழாமல் நிற்பது உண்டு, இழுத்தால்தான் தெரியும். ராட்டினம் ஓடும்போது அவர் கண் எங்கே இருக்கிறது என்பது அடுத்தது. கைப்பேசியில் பேசிக்கொண்டோ டிக்கெட் கொடுத்துக்கொண்டோ ஒருவர் ராட்டினத்தையும் ஓட்டுகிறார் என்றால், அங்கே ஏறாதீர்கள். ஓட்டுவதும் டிக்கெட் கிழிப்பதும் இரண்டு ஆட்களின் வேலை. சுற்றிலும் வேலி இருக்கிறதா, தரையில் கிடக்கும் மின்கம்பியின் இணைப்புகள் ஈரத்தில் கிடக்கின்றனவா, கால்களுக்குக் கீழே உள்ள கட்டைகள் ஒரு பக்கம் புதைந்திருக்கின்றனவா என்பவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உரிமச் சான்றுகளின் நகலை டிக்கெட் கவுண்டரில் ஒட்டியிருக்கிறார்களா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. பொதுப்பணித் துறையின் உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, காவல் துறை அனுமதி ஆகியவற்றை வாங்க நாங்கள் அலைந்த அலைச்சலுக்கு, யாராவது அதைக் கேட்டால் எங்களுக்கு மகிழ்ச்சிதான்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியவை என்று பார்த்தால், மகளின் கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டுவிடுங்கள். துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் இடுப்பில் செருகிவிடுங்கள். முடியும் துணியும் சுழலும் இரும்பில் மாட்டிக்கொள்வதுதான் இத்தொழிலில் நான் மிகவும் அஞ்சுகிற விபத்து, ஏனெனில் அதில் ஓட்டுபவன் எவ்வளவு விரைந்து நிறுத்தினாலும் போதாது. உயரம் போதாத குழந்தையை ‘பத்து வயசு ஆயிடுச்சு’ என்று சொல்லி ஏற்றிவிடுவதையும் தவிர்க்க வேண்டும். உயர அளவு வயதுக்காக வைத்ததல்ல. தடுப்புக் கம்பிக்கும் மடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழும் என்பதற்காக வைத்தது.

டோரா டோரா, பிரேக் டான்ஸ் போன்று பக்கவாட்டில் சுழல்பவற்றில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சுழலும்போது உள்ளே இருப்பவர் வெளிப்பக்கம் தள்ளப்படுவார். குழந்தையை வெளிப்பக்கம் உட்கார வைத்தால் பெரியவரின் எடை முழுவதும் குழந்தையின் மேல் விழும். எனவே பெரியவர் வெளிப்பக்கமும் குழந்தை உள்பக்கமும் அமர வேண்டும். எங்கள் பையன்கள் இதைச் சொல்லி இடம் மாற்றச் சொன்னால், ‘ஜன்னல் ஓரம் வேண்டும்’ என்று பிள்ளைகள் அடம்பிடிப்பதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ராட்டினம் உச்சியில் நின்றுவிட்டால் எழுந்து நிற்கவோ இறங்க முயலவோ கூடாது. மின்சாரம் போனாலும், சமமாக ஆளேற்றிய ராட்டினத்தைக் கையால் தள்ளியே ஒவ்வொரு பெட்டியாகக் கீழே கொண்டுவர முடியும்.

கேள்வி: ராட்டினத்தில் ஆளேற்றும் முறையைப் பற்றிக் கேட்க வேண்டும். ஒரு பெட்டியில் ஆள் ஏற்றியதும் அடுத்த பெட்டியை நிரப்பாமல் பாதி சுற்று சுற்றி எதிர்ப்பக்கம் நிரப்புகிறார்கள். வேண்டுமென்றே நேரத்தைக் கடத்துகிறார்களா? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

பதில்: ஒரு பெட்டிக்கு நான்கு பேர், ஓர் ஆளுக்குச் சராசரி 50 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து ஆறு பெட்டிகளும் நிறைந்து மறுபக்கம் காலியாக இருந்தால், 1,200 கிலோ ஒரே பக்கம் தொங்கும். மோட்டார் அதைத் தூக்கத் திணறும். தூக்கிவிட்டாலும் மறுபக்கம் இறங்கும்போது பிரேக்கை மீறி உருளும். எனவே முதல் பெட்டிக்குப் பின் ஏழாவது, அதன்பின் நான்காவது, பிறகு பத்தாவது என்று எதிரெதிராக ஏற்றுகிறோம். இறக்கும்போதும் அதே வரிசை.

இதைச் சட்டம் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. கூலியாளாக இருந்த ஐந்தாம் ஆண்டில், விழுப்புரம் பக்கத்துத் திருவிழா ஒன்றில் கடைசி நாள் கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. ‘கூட்டத்தை விடாதே, வரிசையாக ஏற்று’ என்று அப்போதைய முதலாளி கவுண்டரிலிருந்து கத்தினார். நானும் அடுத்தடுத்து ஐந்து பெட்டிகளை நிரப்பினேன். ஆறாவது பெட்டிக்காகச் சிறிது சுற்றியபோது பிரேக் வழுக்கி, சக்கரம் பின்னோக்கி உருண்டு, கனமான பக்கம் அடியில் வந்து ஆடி நின்றது. ஒரு பெண்மணியின் நெற்றி கம்பியில் மோதி, இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. அவருடைய கணவர் என்னை அடித்தார். முதலாளி எங்கே போனார் என்று தெரியவில்லை. அந்த அடி எனக்குத்தான் சேர வேண்டியது என்றே இன்றும் நினைக்கிறேன், ஏனென்றால் கை பிரேக்கில் இருந்தது என்னுடையது; முடியாது என்று சொல்லும் உரிமையும் எனக்குத்தான் இருந்தது. இப்போது என்னிடம் வேலைக்குச் சேரும் பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: டிக்கெட் விற்பவன் நானாகவே இருந்தாலும், நிறுத்துவதென்றால் என்னைக் கேட்காதே.

கேள்வி: ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிற்றைப் பிடுங்குவதுபோல் இருப்பது ஏன்? கொலம்பஸில் ஓரத்து இருக்கையில் அமர்ந்தால் அது இன்னும் அதிகமாக இருக்கிறதே? (வில்லியனூர், கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, இதற்கு உங்கள் பேராசிரியரே பொருத்தமானவர், இருந்தாலும் ஒரு பொறியாளர் எனக்குப் போட்டுக்காட்டிய கணக்கைத் தருகிறேன். 15 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு ஆறு சுற்று சுற்றினால், உட்கார்ந்திருப்பவரின் எடையில் சுமார் 30 விழுக்காடு உச்சியில் குறைந்தும், அதே அளவு அடியில் கூடியும் தெரியும். 40 கிலோ எடையுள்ள சிறுமி உச்சியில் 28 கிலோவைப் போலவும், அடியில் 52 கிலோவைப் போலவும் தன்னை உணர்வாள். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வயிறு சொல்கிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அந்த 30 விழுக்காடு 120 ஆகிவிடும். அதாவது உச்சியில் இருக்கையைவிட்டே தூக்கிவிடும். ‘அண்ணே, இன்னும் கொஞ்சம் வேகமா’ என்று கீழேயிருந்து கேட்பவர்களுக்கு நாங்கள் ஏன் தலையாட்டுவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

கொலம்பஸில் ஓரத்தில் இருப்பவர்கள் நடுவில் இருப்பவர்களைவிட உயரம் ஏறி இறங்குகிறார்கள். அந்தக் கப்பலை மேலேயுள்ள அச்சு ஆட்டுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. கப்பலின் அடிவயிற்றை உரசியபடி சுழலும் ரப்பர் டயர்தான் ஆட்டுகிறது. கப்பல் டயரைக் கடக்கும் அந்த ஓரிரு நொடியில், அது போகும் திசையிலேயே உந்துதல் தர வேண்டும். திசை மாற்றித் தந்தால் அதே டயர் பிரேக்காகிவிடும். ஊஞ்சலில் பிள்ளையை ஆட்டிவிடும் தாயின் கை எப்படிப் பார்த்துப் பார்த்துத் தள்ளுகிறதோ அதைப் போன்ற கைப்பழக்கம் அது. வர ஒரு திருவிழாக் காலமாவது ஆகும்.

கேள்வி: ராட்சத ராட்டினத்தைக் கண்டுபிடித்தவர் யார்? (சிதம்பரம் வாசகர்)

பதில்: மரத்தாலான சிறு ராட்டினங்கள் பல நாடுகளில் பழங்காலத்திலிருந்தே உண்டு. இன்றைய இரும்பு ராட்டினத்துக்கு முன்னோடி, 1893-இல் அமெரிக்காவின் சிகாகோ கண்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் அமைத்தது. 264 அடி உயரம், 36 பெட்டிகள், ஒரு பெட்டியில் 60 பேர். என்னுடையது அதன் கொள்ளுப்பேரன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: ஆடி மாதம் வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவுக்குப் போயிருந்தோம். ஐந்து நிமிடச் சுற்றை இரண்டே நிமிடத்தில் நிறுத்தி, ‘காற்று அதிகம்’ என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பணத்தைக் கேட்டதற்குத் தர மறுத்தார்கள். இது நியாயமா? (அரியாங்குப்பம் வாசகர்)

பதில்: நிறுத்தியது நியாயம், பணத்தை மறுத்தது அநியாயம். இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கத்துப் பழமொழி. கடலோரத்தில் மாலைக் காற்று திடீரென வலுக்கும். திருவிழா ராட்டினங்களுக்கான ஐரோப்பியத் தரநிலை, நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று வரை ஓட்டுவதைக் கணக்கில் கொள்கிறது. அதற்கு மேல் நிறுத்திவிட வேண்டும். நம் ஊரில் எத்தனை பேர் காற்றுமானி வைத்திருக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கு முன்பெல்லாம் அச்சின் மேல் கட்டிய சிவப்பு நாடாவும், ஆளில்லாத பெட்டிகள் தாமாக ஆடுகின்றனவா என்பதும்தான் அளவுகோல். ஆளில்லாப் பெட்டி தானாக ஆடத் தொடங்கிவிட்டால் நான் மானியைப் பார்க்கக்கூடக் காத்திருப்பதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, பாதிச் சுற்றுக்கு முன் நிறுத்தினால் முழுப் பணம் அல்லது மறுநாளுக்கான டோக்கன் என்பதே என் ராட்டினத்தின் வழக்கம். பணம் திருப்பித் தர வேண்டுமே என்ற கவலை இருக்கும் ஆள், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தத் தயங்குவான் என்பதால், அந்தத் தொகையை ஓட்டுபவரின் கணக்கில் ஒருபோதும் எழுதுவதில்லை.

கேள்வி: சென்ற ஆண்டு 60 ரூபாய்க்கு விற்ற டிக்கெட் இந்த ஆண்டு 100 ரூபாய். ஒரே இரும்பு, ஒரே சுற்று. விலை மட்டும் ஏன் ஏறுகிறது? (குறிஞ்சிப்பாடி வாசகர்)

பதில்: இரும்பு அதுதான், தரை வேறு. கோயில் திருவிழாவில் கடை, ராட்டினம் போடும் இடம் பெரும்பாலும் ஏலத்தில் போகிறது. மொத்தமாக ஏலம் எடுத்தவர் எங்களுக்குப் பிரித்துத் தருவார். இரண்டு பேர் போட்டி போட்டுக் கேட்டால் அந்தப் போட்டியின் விலை உங்கள் டிக்கெட்டில் வந்து உட்காரும். இதோடு இரண்டு லாரி வாடகை, ஜெனரேட்டருக்கு டீசல், எட்டு ஆட்களின் கூலியும் சாப்பாடும், பதிவு பெற்றவர்களுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. (2018 ஜனவரி 25-க்கு முன் இது 28 விழுக்காடாக இருந்தது.) பத்து நாள் திருவிழாவில் நிஜமாகக் கூட்டம் வருவது மூன்று இரவுகள்தான். அவற்றில் ஓரிரவு மழை பெய்தால் மிச்சம் என்ற சொல்லே அந்த ஊரில் இல்லை. ஆனாலும் ஒரே ஆண்டில் 60-லிருந்து 100 என்பது அதிகம்தான். கேள்வி கேட்டது சரி.

கேள்வி: கடலூர், புதுச்சேரி இரண்டிலும் ராட்டினம் போடுகிறீர்கள். தொழில் செய்ய எது எளிது? (பாகூர் வாசகர்)

பதில்: இரண்டுக்கும் நடுவிலுள்ள முள்ளோடை எல்லையைத் தாண்டினால் எல்லா அனுமதியையும் முதலிலிருந்து வாங்க வேண்டும், கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வாங்கிய சான்று புதுச்சேரி ஏ.எஃப்.டி. மைதானத்தில் செல்லாது. புதுச்சேரியில் டீசல் மலிவு என்பது எங்களுக்கு ஆறுதல். மதுவும் மலிவு என்பது எங்களுக்குத் தலைவலி. குடித்துவிட்டு வருபவரை ஏற்றக் கூடாது என்று சொல்லிவிடலாம். நண்பர்கள் நான்கு பேர் சூழ நிற்கும்போது சொல்லிப் பாருங்கள். எங்களிடம் அதற்கென்றே அமைதியாகப் பேசத் தெரிந்த ஒருவரை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். ‘அண்ணே, பெட்டி ஆடும்போது வாந்தி வந்தா கீழே நிக்கிறவங்க மேல விழும், நாளைக்கு வாங்க, நானே முதல்ல ஏத்திவிடறேன்’ என்பார். பத்தில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

கேள்வி: என் கணவர் ராட்டினம் மாட்டும் வேலைக்குப் போகிறார். ஆண்டில் ஒன்பது மாதம் ஊரில் இருப்பதில்லை. பிள்ளைகள் இரண்டும் பள்ளியில் படிக்கின்றன. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்களுக்கு யார் என்று இரவில் தூக்கம் வருவதில்லை. பெயர் வேண்டாம். (கடலூர் மாவட்ட வாசகி)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். ‘இதை நான் எழுதவில்லையே’ என்று அவர் சொன்னார்.

பொங்கல் முடிந்ததும் ஆற்றுத் திருவிழா, தைப்பூசம், மாசி மகம், மேல்மலையனூர் மயானக் கொள்ளை, பங்குனி உத்திரம், கோடைப் பொருட்காட்சி, ஆடி, அதன்பின் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி என்று ஊர் ஊராகப் போய், ஐப்பசி மழைக்குத்தான் வீடு திரும்புகிறோம். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் உண்டு; அந்தப் பிள்ளைகள் ஆண்டுக்கு நான்கு பள்ளியின் வாசலை மிதித்து எதிலும் நிலைப்பதில்லை. நீங்கள் ஓரிடத்தில் இருந்து படிக்க வைப்பது சரியான முடிவு. கணவர் நள்ளிரவில் வேலை முடிந்து தொலைபேசியில் அழைத்தால் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். விளக்கு போடுவதற்கு முன், மாலை நான்கு மணிக்கு அழைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் என் மகள் என்னிடம் மதிப்பெண்ணைத் தவிர வேறு விஷயங்களையும் பேசத் தொடங்கினாள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, அவருக்கு இ-ஷ்ரம் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 16 முதல் 59 வயது வரையுள்ள அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் தொடங்கிய பதிவு அது. பொதுச் சேவை மையத்தில் ஆதாரைக் கொண்டு பதியலாம். வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. 1923-இலேயே அதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ‘தற்காலிக ஆள்தானே’ என்று சொல்லி யாரும் அதிலிருந்து நழுவ முடியாது. ஆனால் அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஒரு தாள் வேண்டும். கூலியை வங்கிக் கணக்கில் வாங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் வந்து விழும் தொகையே ஒரு சாட்சி. முதலாளி மறுத்தால் அவரை நான் நல்ல முதலாளி என்று சொல்ல மாட்டேன். உயரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையும் கயிறும் அவரே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விலையைப் பார்த்துத் தயங்கினால், அந்த மாதம் வேறெதையாவது நிறுத்திவிட்டு நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த என் 16 வயது மகன் படிக்க மறுக்கிறான், ராட்டினத்தோடு போகிறேன் என்கிறான். உங்களிடம் அனுப்பலாமா? (பாகூர் கொம்யூன் வாசகர்)

பதில்: அனுப்பாதீர்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்கின்றன. 18 வயது வரை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது என்கின்றன. அந்தப் பட்டியலில் ராட்டினம் என்ற சொல் இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை. 50 அடி உயரத்தில் ஒரு கையால் ஆரக்காலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பேனர் திருப்பும் வேலைக்கு உங்கள் மகனை நான் ஏற்ற மாட்டேன்.

அவனுக்கு இரும்பில் ஆசை இருந்தால், புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) சேருங்கள். ஃபிட்டர் பிரிவு இரண்டு ஆண்டுகள், வெல்டர் பிரிவு ஓராண்டு. சான்றிதழோடு வந்தால் 18 வயதில் நானே வேலை தருகிறேன். எங்கள் தொழிலில் இப்போது ஓட்டுபவர்களுக்குப் பஞ்சமில்லை, ஒழுங்காக வெல்டிங் வைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். அதற்குள் அவன் வேறு வேலைக்குப் போய்விட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

கேள்வி: தானே புயலின்போது ராட்டினங்கள் என்னவாயின? புயல் வரும் என்றால் என்ன செய்வீர்கள்? (தேவனாம்பட்டினம் வாசகர்)

பதில்: 2011 டிசம்பர் 30 காலையில் தானே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. புத்தாண்டுக் கூட்டத்துக்காக எங்கள் ராட்டினம் நின்றிருந்தது. முதல் நாள் மதியமே பெட்டிகளை இறக்கத் தொடங்கினோம், ஏனெனில் காற்றைப் பிடிப்பவை பெட்டிகள்தான். வெறும் ஆரக்கால்களுக்கு நடுவே காற்று புகுந்து போய்விடும். இருட்டுவதற்குள் பன்னிரண்டையும் இறக்கிவிட்டோம். ஆரக்கால்களைக் கழற்ற நேரமில்லை. வளையத்தை நான்கு பக்கமும் இரும்புக் கம்பிவடத்தால் இழுத்து, தரையில் அடித்த முளைகளில் கட்டினோம். ஜெனரேட்டரை லாரியில் ஏற்றி உள்ளூருக்குள் அனுப்பிவிட்டு, நாங்கள் ஒரு பள்ளிக் கட்டடத்தில் தங்கினோம்.

காலையில் வந்து பார்த்தபோது சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஆனால் நின்றிருந்தது. டிக்கெட் கவுண்டரின் தகரக் கூரையைக் காணவில்லை. அன்று பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, கூரையைத் தேட மனம் வரவில்லை. அந்தச் சக்கரத்தின் ஒரு காலில் மயிரிழை அளவுக்கு விரிசல் இருந்ததை இரண்டு மாதம் கழித்து, பழைய வண்ணத்தைச் சுரண்டும்போதுதான் கண்டோம். அன்று முதல் மழைக்காலப் பழுது பார்ப்பில் பழைய வண்ணத்தின் மேல் புது வண்ணம் பூசுவதை நிறுத்திவிட்டேன். இரும்பு தெரியும் வரை முழுவதும் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் பூச்சு.

கேள்வி: கூட்டம் கலைந்த பிறகு ராட்டினத்தடியில் என்னென்ன கிடக்கும்? (கடலூர், எட்டாம் வகுப்பு மாணவி)

பதில்: ஒற்றைச் செருப்புகள், சில்லறைக் காசு, ஹேர்பின், பாதி தின்ற டெல்லி அப்பளம், எப்போதாவது ஒரு கைப்பேசி. கைப்பேசியைத் தேடி எல்லோரும் வந்துவிடுவார்கள். செருப்பைத் தேடி யாரும் வருவதில்லை. இந்த ஆண்டு ஆற்றுத் திருவிழாவில் ஒரு சிறிய வெள்ளிக் கொலுசு கிடைத்தது. மூன்று சலங்கைகள், அவற்றில் ஒன்றுக்குள் முத்து இல்லை. டிக்கெட் பெட்டியில் வைத்திருக்கிறேன். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில்தான் இருப்போம். இன்னொரு கொலுசைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.